எட்டாவது நாள் யார் வருவீர்கள்?

கன்னிவாடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

"இந்தக் காலத்துக் காலேஜ் பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பும் தெரியாது, நியாய அநியாயமும் தெரியாது. கையில போன் இருந்தாப் போதும்." டீக்கடை, சலூன், கல்யாண மண்டபம் என்று கன்னிவாடியில் எங்கே நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்காக உங்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. உங்கள்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. அது ஊர் சொல்கிற குறை இல்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அக்கா என்றால் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஜூன், ஜூலை வந்தால் உங்கள் வாழ்க்கையே என் கண்ணாடி மேசைமேல் விரிந்து கிடக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார். தருமத்துப்பட்டியிலிருந்து வரும் பிள்ளையும் ஆடலூர் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். காந்திகிராமத்துக்கு ஒருத்தி, எம்.வி.எம். மகளிர் கல்லூரிக்கு ஒருத்தி, ரெட்டியார்சத்திரம் பொறியியல் கல்லூரிக்கு ஒருவன்.

புதுமைப் பெண் திட்டத்துக்குப் படிவம் நிரப்ப வந்த ஒரு தங்கை, பேச்சுவாக்கில், "எனக்குப் பாலிடிக்ஸே பிடிக்காதுக்கா" என்றாள். அவள் கையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அந்தச் சாதிச் சான்றுக்குப் பின்னால் 1921-ஆம் ஆண்டு நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி அரசாணை இருக்கிறது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரியாரும் மற்றவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதமே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது 2020-இல். எல்லாம் யாரோ கேட்டது, யாரோ சண்டை போட்டது, யாரோ ஓட்டுக்குப் பயந்து கொடுத்தது. "அது கவர்மென்ட் குடுக்குறதுதானக்கா, அதுல எங்க பாலிடிக்ஸ்?" என்றாள். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவையும் வாங்கிக் கொடுத்தவர்கள், எப்படி வாங்கினார்கள் என்ற கதையை மட்டும் அவளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயது வரையுள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்வோர் இந்தியா முழுவதும் 100-க்கு 28 பேர், தமிழ்நாட்டில் 47 பேர். இது 2021-22-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கு. அந்த 47-க்குள் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் அம்மாக்கள் இல்லை. அவர்களில் பலர் எட்டாவதோடு நின்று மில் வேனில் ஏறினவர்கள்.

இனி என் குறைக்கு வருகிறேன். அதற்கு ஒரு முகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஒரு கல்லூரி ஏழு நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போட்டது. அச்சடித்த படிவக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் போயிருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளத்துக்கு நீலம், வயலுக்குப் பச்சை, கோயிலுக்குச் சிவப்பு, தெருக்களுக்கு வெள்ளை. பார்க்கவே அழகாக இருந்தது. ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று "இது எங்க வீடு, இது அடிகுழாய்" என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி முன்னே வந்து படம் முழுவதையும் நிதானமாகப் பார்த்தார். "எங்க தெரு எங்கய்யா?" என்று கேட்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி படத்தில் இல்லை. பொடி டப்பாவை வைத்திருந்த பையன் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்தான். அவர், "அது தள்ளி இருக்கும்மா, இடம் பத்தாது" என்றார். யாரும் பேசவில்லை. அப்போது ஒரு மாணவி எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருந்த சுற்றுச்சுவர்க் கோட்டைக் காலால் அழித்தாள். அங்கிருந்து ஓடையை நீட்டினாள், அதைத் தாண்டி இரண்டு தெருவைப் போட்டாள். "பாட்டி, வந்து வீட்டைக் காட்டுங்க" என்றாள். பாட்டி மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகச் சொல்ல, அந்தப் பெண் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் எப்படி நம்புவேன்?

அன்று மாலையே அவர்கள் காலனிக்குப் போனார்கள். மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதும், மயானப் பாதையை யாரோ வேலி போட்டு வளைத்திருப்பதும் அங்கேதான் தெரிந்தது. மனு எழுதினார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, பதிவுச் சீட்டு வாங்கி வந்து காலனிக்காரர்களிடம் காட்டினார்கள். முகாம் முடிந்து பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் அழுகை.

சில மாதம் கழித்து அந்தக் காலனிப் பெண் ஒருவர் ஒரு கடிதத்தை நகலெடுக்க என் கடைக்குக் கொண்டுவந்தார். மனுவில் இருந்தது கல்லூரி முகவரி. விசாரணைக்கு வரச் சொல்லி வந்த கடிதமும் அங்கேதான் போயிருக்கிறது. அது செமஸ்டர் தேர்வு நேரம். யாரும் வரவில்லை. "மனுதாரர் விசாரணைக்கு ஆஜராகாததால் மனு முடிக்கப்பட்டது" என்று அவர் கொண்டுவந்த கடிதத்தில் எழுதியிருந்தது. வேலி இன்னும் இருக்கிறது.

பிள்ளைகளே, என் குறை இதுதான். உங்கள் அக்கறை பொய் இல்லை, ஆனால் அது ஏழு நாளில் முடிந்துவிடுகிறது. எட்டாவது நாள் வருவதற்கு யாரும் இல்லை.

பெரிய விஷயத்திலும் இதைத்தான் பார்த்தோம். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரி 17-இல் மெரினாவில் கூடத் தொடங்கிய கூட்டம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மதுரையில் தமுக்கம் நிரம்பியது, செல்லூர் பக்கம் ரயில் நின்றது. எங்கள் ஊரிலிருந்து போன பிள்ளைகள் மூன்று நாள் கழித்துத் தொண்டை கட்டி வந்தார்கள். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது, 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அன்றே போலீஸ் தடியோடு வந்து கடற்கரையைக் காலி செய்தது. அதுவும் ஏழு நாள்தான். தலைவர் இல்லாத போராட்டம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. நான் அப்போதே கவலைப்பட்டேன். தலைவர் இல்லாவிட்டால் பரவாயில்லை. கூட்டம் கலைந்தபின் பேர் வைத்த அமைப்போ, நோட்டுப் புத்தகமோ, அடுத்த கூட்டத்துக்கு ஒரு தேதியோ எதுவும் மிச்சம் இல்லாமல் போனதுதான் கவலை. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் அரியலூர் மாவட்டத்து அனிதா, பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த பிள்ளை, நீட் காரணமாக மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்டது. மறுபடி பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், மறுபடி சில நாளில் கலைந்தார்கள். 7.5 விழுக்காடு கிடைக்க மூன்று ஆண்டு ஆயிற்று. அதையும் ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழுவும் சட்டமன்றமும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் காட்டி உங்களை மட்டம் தட்டப் பலர் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். ஆனால் அந்த வருடத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அன்றைய மாணவர்களிடம் கோபம் மட்டும் இருக்கவில்லை, ஒரு போராட்டக் குழு இருந்தது. கல்லூரிக்குக் கல்லூரி ஆள் இருந்தார்கள், யார் எங்கே பேசுவது என்ற முடிவு இருந்தது. ஜனவரி 25-இல் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது. 27-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். போராட்டம் ஓய்ந்த பிறகும் அந்தப் பிள்ளைகள் கலைந்து போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார்.

அந்தத் தேர்தலில் நம் திண்டுக்கல்லில் நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1962-இல் நம்மூர் எம்.பி.யாக வென்று, மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராக இருந்தவர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே மணமாகி, கணவரை இழந்து, அதன்பின் டில்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். சாதி தாண்டிய அந்தத் திருமணத்தை எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1947-இல் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் காந்திகிராமம். இந்த வட்டாரத்துப் பெண்களின் பிரசவத்துக்கும் படிப்பிற்கும் அவரளவு உழைத்தவர்களை நான் அறியேன். அப்படிப்பட்டவரும் 1967-இல் தோற்றார். தி.மு.க.வின் அன்புச்செழியன் வென்றார். இதில் சௌந்தரம் அம்மாவைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அந்தத் தீர்ப்பைப் பற்றி வருத்தம் இல்லை. ஒரு தலைமுறையின் மொழிக்கோபத்துக்கு, அந்த அரசில் இருந்த நல்லவர்களும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாணவர்கள் ஓட்டுவரை போனதால்தான் அது நடந்தது. இத்தனைக்கும் அன்று ஓட்டு வயது 21. அந்த ஊர்வலத்தில் நின்ற பலருக்கு ஓட்டே கிடையாது. உங்களுக்கு 1989-இலிருந்து பதினெட்டு வயதிலேயே அது கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கன்னிவாடியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்ணை அன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று ஒரு எப்.ஐ.ஆர். விழுந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிற பிள்ளை, வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவுக்கு வட்டிக் கடன், அம்மாவுக்கு மகளிர் குழுக் கடன். போலீஸ் சரிபார்ப்பு இல்லாமல் அரசு வேலையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை உங்கள் பெற்றோர் டி.வி.யில் பார்த்தவர்கள். "ஊர் வம்புக்குப் போகாதே" என்று அவர்கள் சொல்வதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். இழப்பதற்கு நிறைய இருப்பவர்கள் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள்.

அப்படி எச்சரிக்கையாக இருந்துகொண்டே, தொடர்ந்து, சட்டத்துக்குள் நின்று கேட்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இருந்த இடம் மாணவர் பேரவை. அதைப் பெரியவர்கள் உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட லிங்டோ குழு, கல்லூரிகளில் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று விதி வகுத்தது. ஒருவர் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்பதுவரை அதில் உண்டு. 2006-இல் நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் தேர்தல் என்ற பேச்சே இல்லை. துறைத்தலைவர் கைகாட்டுகிற நல்ல மார்க் பிள்ளைதான் வகுப்புப் பிரதிநிதி. "எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளமாட்டேன்" என்று கையெழுத்து வாங்குகிற உறுதிமொழிப் படிவங்களை நானே நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். கிணற்றுப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டு, பிள்ளைக்கு நீச்சல் தெரியவில்லை என்று குறை சொல்வது நியாயமா?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். கல்லூரித் தேர்தல் அங்கே திருவிழா மாதிரி நடக்கிறது. அடிதடியும் உண்டு, உயிர் போனதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு வயது 21, அப்போதும் கல்லூரி மாணவி. இங்கேயும் அந்த வாசல் மூடிக்கிடக்கவில்லை. 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி சந்தியா ராணி ஊராட்சித் தலைவரானார். உள்ளாட்சியில் போட்டியிட 21 வயது போதும். உங்களில் முதுகலை படிக்கிற பலர் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

அமைப்பு ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீங்கள் கேரளம் போகவும் வேண்டாம். நம் மாவட்டத்தின் பேரைத் தாங்கிய ஓர் ஒப்பந்தம் உலகம் முழுவதும் பேசப்படுகிறது. உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்த ஆலையில் பெண்கள் பட்ட தொல்லைகள் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தன. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்று ஒரு சங்கம் இங்கே இருக்கிறது. பெண்கள் தலைமையில் நடப்பது, தலித் பெண்கள் நிறைந்தது. அவர்கள் ஏழு நாளில் கலையவில்லை. துணி வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்கள்வரை விடாமல் கேட்டார்கள். ஓராண்டுக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு கையெழுத்திட்டார்கள். ஹெச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களுக்குள்ளேயே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றார்கள். கெட்ட வார்த்தை சொன்னாலோ, கை வைத்தாலோ, சாதி பேசினாலோ புகார் கொடுக்கலாம் என்று ஆயிற்று. புகார் கொடுத்தவளை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்றும் ஆயிற்று.

இதைச் செய்தவர்கள் உங்கள் வயதுக்காரிகள். உங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள். ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளைகள். என் தங்கையும் ஒரு காலத்தில் மில்லில் இருந்தாள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருவோம் என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. விடுதிக் கேட்டுக்கு வெளியே அம்மாவைப் பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அன்று அவளுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள்தான் போராடுவார்கள் என்பது உண்மை இல்லை. அந்தப் பெண்களுக்கும் வேலை இருந்தது, கடன் இருந்தது, வீட்டின் பயம் இருந்தது. இவற்றோடு ஒரு சங்கமும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்துச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சமூக நீதி என்றால் டில்லியும் சென்னையும் தான் என்று நினைக்கிறீர்கள். காசாவுக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள், மணிப்பூருக்கு வைக்கிறீர்கள். அதை நான் மதிக்கிறேன். அதே போனில் சாதித் தலைவர் ஜெயந்திக்கு வாளோடு வீடியோவும் ஓடுகிறது. காலைப் பஸ்ஸில் கைக்கயிறு நிறம் பார்த்து இடம் பிடிக்கிறீர்கள். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் சிலரை விட்டுவிட்டு இன்னொரு குழு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை அவன் வகுப்புத் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. அந்த வெட்டு பள்ளியோடு நிற்காது, கல்லூரிக்கும் வரும், கல்யாணத்துக்கும் வரும். நம் பழனிப் பெண் கௌசல்யா, கல்லூரியில் பழகிய சங்கரைத் திருமணம் செய்தார். சங்கர் தலித், பொறியியல் மாணவர். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். பிழைத்து எழுந்து, சொந்தப் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வெட்டுப்பட்டபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. நீங்கள் பஸ்ஸில் போகிற அதே பழனி ரோட்டில்தான் அவர் ஊர் இருக்கிறது. உங்களில் காதலிக்காதவர்கள் குறைவு. ஆகவே இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற தோழனை விட்டுவிட்டுத் தொடங்குகிற நீதியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எந்தக் கட்சியில் சேருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சேர்ந்தால் தப்பு என்றும் சொல்லமாட்டேன். கட்சிகள் உங்களைக் கொடி பிடிக்க மட்டும் கூப்பிட்டால், கூட்டத்தில் பேச நேரம் கேளுங்கள்.

உங்கள் கல்லூரியில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிப்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மாணவப் பிரதிநிதிகள் மூவர் இருக்க வேண்டும். அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். பேரவைத் தேர்தல் கேட்டால் முகம் சுளிக்கிற நிர்வாகமும் இதை மறுக்க முடியாது. அந்தத் தேர்தல் எப்போது நடந்தது என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு முடித்துப் போகிறவர்கள் அந்தக் கோப்பை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் அமைப்பு என்று சொல்வது இவ்வளவுதான்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இந்த மாவட்டத்தில் மட்டும் 306 ஊராட்சிகள். வாசலில் இருந்த ஜனநாயகம் நின்றுபோனதைப் பற்றிக் கல்லூரியில் ஒரு விவாதம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் உங்களுக்கும் விடுமுறை நாட்கள்தான். போய் முன்வரிசையில் உட்காருங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் எழுந்திருக்காதீர்கள். பேரூராட்சிக்குள் இருப்பவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

பதினேழு வயது முடிந்தவுடனே வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6 கொடுத்து வைக்கலாம் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு, ஜனவரி ஒன்றுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை நிரப்ப என் கடையில் காசு வாங்குவதில்லை.

அந்த மயானப் பாதை மனுவை மறுபடி எழுதியிருக்கிறோம். இந்த முறை முகவரி, காலனிக்காரர்கள் ஐந்து பேருடையது. விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் வருகிற அன்று கிராம வரைபடத்தையும் புல எண்களையும் படித்துச் சொல்லக்கூடிய இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். வரலாறு படித்தாலும் சரி, சிவில் இன்ஜினியரிங் படித்தாலும் சரி. கடைக்கு வந்து பேர் கொடுத்துவிட்டுப் போங்கள். தேதி தெரிந்ததும் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
கன்னிவாடி ஜெராக்ஸ் கடை அக்கா